கறுப்பு மணல் அழுக்கா, ஆவணமா?

கேள்வி: நான் திருவொற்றியூர்ப் பள்ளி ஒன்றில் அறிவியல் ஆசிரியை. எங்கள் கடற்கரையில் அலை வடிந்த இடங்களில் மணல் கறுப்பும் சிவப்புமாகக் கோடு கோடாகப் படிந்திருக்கிறது. பெற்றோர் அதை எண்ணெய்க் கசிவின் மிச்சம் என்கிறார்கள். மாணவர்கள் அனல்மின் நிலையச் சாம்பல் என்கிறார்கள். எது சரி? கல் கொட்டி மூடிய இந்தக் கரையில் நிலவியல் பாடம் நடத்த ஏதேனும் மிஞ்சியிருக்கிறதா?

பதில்: 2017 ஜனவரியிலும் 2023 டிசம்பரிலும் எண்ணூர்ப் பகுதியில் எண்ணெய் பரவியதைப் பார்த்தவர்கள் ஐயப்படுவதில் தவறில்லை. சோதித்துப் பார்ப்பது எளிது. எண்ணெய் கையில் ஒட்டும், நாறும்; சாம்பலைத் தண்ணீரில் போட்டால் தண்ணீர் கலங்கும்; நீங்கள் குறிப்பிடும் கறுப்பு மணலோ உடனே அடியில் படிந்துவிடும். கறுப்பாக இருப்பவற்றில் பெரும்பாலானவை இல்மனைட், மேக்னடைட் போன்ற கனிமங்கள். சிவப்பாக இருப்பது கார்னெட். மலைப்பாறைகள் சிதைந்து, ஆறுகள் வழியாகக் கடலுக்கு வந்து, அலைகளால் மீண்டும் கரையேறியவை இவை. எடை குறைந்த வெளிர்நிறக் குவார்ட்ஸ் மணலைத் திரும்பும் அலை இழுத்துச் சென்றுவிட, கனமானவை மட்டும் தங்கிவிடுவதால்தான் அந்தக் கோடுகள் உண்டாகின்றன. ஆகவே புயலுக்குப் பிறகு கறுப்பு கூடினால், அந்த இடத்தில் வெள்ளை மணல் அரித்துச் செல்லப்பட்டிருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

கல் சுவரையே பாடமாக்குங்கள் என்பேன். சோழமண்டலக் கரையில் ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. வாடைக்காற்றுக் காலத்தில் மட்டும் திசை மாறும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் எழும்பியபோது இந்த நகர்வு தடைபட்டது. தெற்கே மெரினா அகன்றது, வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை தேய்ந்தது. கருங்கல் குவியல்களும், கடலுக்குள் நீட்டிக் கட்டிய கல் தடுப்புகளான தூண்டில் வளைவுகளும் அதன் பின்விளைவுகளே. அந்தக் கற்கள் குவாரிகளிலிருந்து லாரிகளில் வந்தவை என்பதை மாணவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால், திருவொற்றியூர் பாறைக் கடற்கரை என்று தேர்வுத்தாளில் எழுதிவிடுவார்கள்.

இந்நகரின் சொந்தப் பாறையைப் பார்க்க வேண்டுமானால் பரங்கிமலைக்கு அழைத்துச் செல்லுங்கள். அங்குள்ள சார்னோக்கைட் என்னும் கடினமான பாறையைத் தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக இந்திய நிலவியல் ஆய்வுத்துறை அறிவித்திருக்கிறது. மலைக்கு அந்த மதிப்பைக் கொடுத்த நாம், மணல் எப்படி வருகிறது, எப்படிப் போகிறது என்பதைக் கண்முன்னே காட்டும் வடசென்னைக் கரையில் விளக்கப் பலகை வைப்பதைப் பற்றி இன்னும் பெரிதாக யோசித்ததில்லை. பழவேற்காடு வரை போக முடிந்தால், ஏரியையும் கடலையும் பிரிக்கும் மணல் திட்டையும் காட்டலாம்.

கேள்வி: மாதிரிக்கு மணல் எடுத்து வரலாமா?

பதில்: வேண்டாம். கரையிலேயே ஒரு தாளில் சிறிது உலர்ந்த மணலைப் பரப்பி, அடியில் காந்தத்தை நகர்த்திக் காட்டுங்கள். மேக்னடைட் துகள்கள் காந்தத்தோடு ஊர்வது தெரியும். பிறகு மணலை அங்கேயே கொட்டிவிடுங்கள். அலை உயரமாக இருக்கும் நாள்களில் கற்குவியல் மேல் எவரையும் ஏறவிடாதீர்கள்.