வழக்கு நிறுவனத்தின் மீது, கடன் உங்கள் பெயரில்

மலேசியாவின் பட்டர்வொர்த் வாசகருக்கு,

அமெரிக்க மென்பொருள் நிறுவனமொன்றின் பங்குகளை மார்ஜின் கடனில் வாங்கியிருக்கிறீர்கள்; அதாவது பங்குகளையே அடகாக வைத்துத் தரகு நிறுவனம் தரும் கடன், விலை இறங்கினால் நீங்கள் பணம் நிரப்ப வேண்டும், இல்லையேல் அது பங்குகளை விற்றுவிடும். ஏகபோகத் தடுப்பு வழக்கில் அந்நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததும் விலை சரிந்துவிட்டது. நிறுவனத்தின் மீதும், "விற்காதீர்கள், ஏறும்" என்ற முகவர் மீதும் வழக்குத் தொடுக்கலாமா, மேல்முறையீடு முடியும்வரை ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்து மார்ஜினை நிரப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முகவர் சொன்னதற்கு எழுத்தில் எந்த ஆதாரமும் இல்லை, அதை விட்டுவிடுங்கள். நிறுவனத்தின் தவறு போட்டியாளர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் எதிரானது. பங்கு விலை இறங்கியதால் மட்டும் பங்குதாரருக்கு ஏகபோகத் தடுப்புச் சட்டத்தில் வழக்குரிமை பிறப்பதில்லை. முக்கிய உண்மையை மறைத்து முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக வழக்காடலாம்; ஆனால் வழக்கு நடப்பது ஊரறிந்த பிறகு வாங்கிய உங்களுக்கு அந்த வாதம் கைகொடுக்காது. சட்டப்படி இங்கே எஞ்சுவது நீங்கள் கையெழுத்திட்ட மார்ஜின் ஒப்பந்தம் ஒன்றுதான்.

மேல்முறையீட்டில் நிறுவனம் வெல்லும் என்கிறீர்கள். வெல்லக்கூடும். மைக்ரோசாப்ட் மீதான ஏகபோகத் தடுப்பு வழக்கைப் பாருங்கள்: 2000 ஏப்ரல் 3 அன்று, தீர்ப்பு வெளியாகுமுன்பே, சமரசப் பேச்சு முறிந்த செய்திக்கே பங்கு 14 விழுக்காட்டுக்கு மேல் சரிந்து 90 டாலர் அளவில் முடிந்தது. ஜூனில் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்க உத்தரவாயிற்று. அதை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தது 2001 ஜூன் 28 அன்றுதான். இதற்கிடையில், தொழில்நுட்பப் பங்குகள் பரவலாகச் சரிந்த 2000ஆம் ஆண்டின் இறுதியில், விலை 45 டாலருக்கும் கீழே இருந்தது. சட்டத்தைச் சரியாகக் கணித்தவரும், கடனில் வாங்கியிருந்தால், அந்த நல்ல தீர்ப்பு வருமுன்பே தம் பங்குகள் கட்டாயமாக விற்கப்பட்டதைத்தான் பார்த்திருப்பார்.

என் கட்சிக்காரர்கள் விழுந்த குழி இதற்கு அடுத்தது. சேமநிதிக் கணக்கில் இருக்கும்வரை உங்கள் சேமிப்பைக் கடன் கொடுத்தவர் முடக்க முடியாது. நீங்களே வெளியே எடுத்து மார்ஜின் கணக்கில் போட்டால் அந்தக் காப்பு போய்விடும், பங்கும் போய்விடும், மீதிக் கடன் நிற்கும். கடன் 100,000 ரிங்கிட்டைத் தொட்டால் திவால் நடவடிக்கைக்கும் வழி திறக்கிறது. கூடுதல் அவகாசம் தருவதாகச் சொல்லி மனைவியைப் பிணையாளராகக் கையெழுத்திடக் கேட்பார்கள், அருள்கூர்ந்து சம்மதிக்காதீர்கள்.

இந்த வாரமே பங்குகளை நீங்களே விற்று, மீதியைத் தவணையில் கட்டச் சமரசம் பேசுங்கள். தவணை முடிந்ததும் வேறெந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வாசகம் எழுத்தில் கிடைத்த பிறகே முதல் தவணையைச் செலுத்துங்கள்.