தேயிலையில் மைக்ரோ ஆர்என்ஏ தேடுவது எப்படி? கேள்வி பதில்

கேள்வி (ஹற்றன்): அக்கா, கம்பஸில் கடைசி வருஷம். ஆய்வுகூட வசதி இல்லை. லெப்டொப்பை மட்டும் வைத்துத் தேயிலையில் மைக்ரோ ஆர்என்ஏ தேடலாமா?

பதில்: தாராளமாகத் தேடலாம் தம்பி. மைக்ரோ ஆர்என்ஏ என்பது மற்ற மரபணுக்களின் வேலையை அடக்கிவைக்கும் குட்டி ஆர்என்ஏ. அசாம் வகைத் தேயிலையின் மரபணுத்தொகுதி 2017இலும் சீன வகையினது 2018இலும் வெளிவந்துவிட்டன. இரண்டும் இலவசம். ஏறக்குறைய 300 கோடி டிஎன்ஏ எழுத்து என்பதால் கம்பஸ் இணைப்பிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மிர்பேஸ் என்ற தரவுத்தளத்தில் உள்ள தாவர மைக்ரோ ஆர்என்ஏக்களை, வரிசைகளை ஒப்பிடும் மென்பொருளான பிளாஸ்டில் போட்டு, தேயிலைத் தொகுதியோடு ஒப்பிடுங்கள். முதலில் மிர்156 என்ற மைக்ரோ ஆர்என்ஏயைத் தேடுங்கள். யூ-ஜி-ஏ-சி-ஏ-ஜி என்று தொடங்கும் 20 எழுத்து, பெரும்பாலான நிலத்தாவரங்களில் இருக்கிறது.

கேள்வி (பண்டாரவளை, ஆசிரியர்): பிளாஸ்டில் பொருந்தினாலே மைக்ரோ ஆர்என்ஏதானா?

பதில்: இல்லை சேர், இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். அவ்வளவு பெரிய தொகுதியில் 20 எழுத்து தற்செயலாகவும் கிட்டத்தட்டப் பொருந்திவிடும். சுற்றியுள்ள வரிசையையும் சேர்த்து வெட்டி, மடிப்பைக் கணிக்கும் ஆர்என்ஏஃபோல்ட் மென்பொருளில் போடுங்கள். மைக்ரோ ஆர்என்ஏ ஒரு நீளமான முன்னோடி வரிசையிலிருந்து வெட்டி எடுக்கப்படுவது, அந்த முன்னோடி கொண்டை ஊசிபோல் மடிய வேண்டும். நம் வரிசை ஊசியின் ஒரு காலில் இருக்க வேண்டும், வளைவில் அல்ல. எதிர்க் காலோடு பொருந்தாத எழுத்து ஐந்தைத் தாண்டினால் விட்டுவிடுங்கள்.

புரதம் கட்ட உதவும் டிஆர்என்ஏ என்ற வேறு வகை ஆர்என்ஏயும் இப்படி மடியும். அதனால் மடிப்பு ஆற்றலை நீளத்துக்கும் ஜி, சி எழுத்துகளின் சதவீதத்துக்கும் வகுத்துப் பார்க்கும் எம்எஃப்இஐ கணக்கையும் பார்க்க வேண்டும். 100 எழுத்து வரிசையின் மடிப்பு ஆற்றல் மைனஸ் 45, அதில் ஜி, சி இரண்டும் சேர்ந்து 45 சதவீதம் என்றால் மதிப்பு 1. முன்னோடி வரிசைகள் பெரும்பாலும் 0.85க்கு மேல் வரும், டிஆர்என்ஏ சராசரியாக 0.64தான்.

கேள்வி (தலவாக்கலை): மைக்ரோ ஆர்என்ஏ அடக்கும் இலக்கு மரபணுவை எதில் பார்ப்பது?

பதில்: பிஎஸ்ஆர்என்ஏடார்கெட் என்ற இணையக் கருவியில். தாவரத்தில் மைக்ரோ ஆர்என்ஏ இலக்கோடு ஏறத்தாழ முழுதாகப் பொருந்தும், மைக்ரோ ஆர்என்ஏயின் 10ஆம், 11ஆம் எழுத்துகளுக்கு நடுவே வரும் இடத்துக்கு எதிரே இலக்கில் வெட்டு விழும். அந்த இடத்தில் பொருத்தம் இல்லையென்றால் சந்தேகப்படுங்கள். வெட்டுப்பட்ட ஆர்என்ஏத் துண்டுகளைப் படித்த டீகிரேடோம் தரவில் வெட்டைக் காணும்வரை அறிக்கையில் ‘கணிக்கப்பட்ட இலக்கு’ என்றே எழுதுங்கள். இதில் நான் பிடிவாதக்காரி.

கேள்வி (மஸ்கெலியா): அம்மா கொழுந்து பறிக்கிறவர். இதனால் மலைக்கு என்ன பிரயோசனம் என்று கேட்கிறார்.

பதில்: நியாயமான கேள்வி. மழையும் மூட்டமுமாக இருக்கும் நாட்களில் இளங்கொழுந்தில் கொப்புள நோய் வருவதை அம்மா பார்த்திருப்பார். தக்காளியில் மிர்482 என்ற மைக்ரோ ஆர்என்ஏ நோய் எதிர்ப்பு மரபணுக்களையே அடக்கி வைக்கிறது, கிருமி தாக்கும்போது அந்தப் பிடி தளர்கிறது. நோய் தாங்கும் தேயிலைச் செடியிலும் தாங்காத செடியிலும் அந்தப் பிடி எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டால், நாற்றுப் பருவத்திலேயே நல்ல செடியைப் பொறுக்க வழி பிறக்கலாம். அம்மாவிடம் இதையே சொல்லுங்கள். இன்னும் நாளாகும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.