ராத்திரியில் படகு யார் பொறுப்பில்?

கேள்வி: மாலைதீவில் ஒரு சுற்றுலாப் பாய்ப்படகில் வேலை செய்கிறேன். ஆர்வைஏ (பிரிட்டனின் பாய்ப்படகுச் சங்கம்) பாடத்திட்டத்தில் டே ஸ்கிப்பர், அதாவது பகலில் படகை நடத்தும் பயிற்சி, முடித்துவிட்டேன். அடுத்தது கோஸ்டல் ஸ்கிப்பர், கரையோரமாக இரவிலும் பகலிலும் படகை நடத்தும் பயிற்சி. இங்கிலாந்தில் ஒரு பள்ளி, தாய்லாந்தில் ஒரு பள்ளி பார்த்து வைத்திருக்கிறேன். இரண்டிலும் 5 நாள்தான், தாய்லாந்து மலிவு. எதைப் பிடிக்கலாம்? அப்பாவோ, "கண்ணை மூடிக்கொண்டு திருகோணமலைக்கு வள்ளம் விடுறவன்ட மகனுக்கு என்னடா பள்ளி?" என்கிறார்.
- வாசகர், வாழைச்சேனை

பதில்: அப்பாவோடு சண்டைக்குப் போகாதீங்க தம்பி. வாடை எப்போது வலுக்கும், முகத்துவாரத்து மணல் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்பதையெல்லாம் எந்தப் பள்ளியும் சொல்லித்தராது. அதை அவரிடமே படியுங்கள்.

ஆனால் அவரிடம் படிக்க முடியாத ஒன்று இருக்கிறது: வற்றுப்பெருக்கு. மட்டக்களப்புக் கரையில் கடல் ஏறி இறங்குவது ஒரு மீட்டர்கூட வராது. மாலைதீவிலும் ஏறக்குறைய அதே கதைதான். இங்கிலாந்தின் சோலன்ட் பக்கம் நாலு மீட்டருக்குக் கிட்ட. தாய்லாந்தின் புக்கெட்டில் இரண்டு மீட்டருக்கு மேல். காலையில் மிதந்த இடத்தில் மத்தியானம் அடிக்கட்டை தரை தட்டும். அட்டவணையையும் பென்சிலையும் எடுத்து, இந்தத் திட்டைத் தாண்ட எத்தனை மணி வரை தண்ணீர் இருக்கும் என்று கணக்குப் போட்டே ஆக வேண்டும். நீங்கள் காசு கொடுத்துப் படிக்க வேண்டியது அதைத்தான்.

இன்னொன்று. கோஸ்டல் ஸ்கிப்பர் பயிற்சி வேறு, யாட்மாஸ்டர் கோஸ்டல் தகுதிச் சான்றிதழ் வேறு. முதலாவதில் பயிற்றுநரே கையெழுத்துப் போடுவார். இரண்டாவதற்கு வெளியிலிருந்து பரீட்சகர் வருவார். அதற்கு 800 கடல் மைல், 30 நாள், 12 இரவு மணி நேரம் காட்ட வேண்டும். பயிற்சியை முடித்தவருக்கு 400 மைல், 20 நாளாகக் குறையும், இரவு மணி நேரம் மட்டும் குறையாது. இதில் பாதியாவது வற்றுப்பெருக்குள்ள கடலில் ஓடியதாக இருக்க வேண்டும். மாலைதீவு மைல்களை மட்டும் நம்பிப் போய் நிற்காதீங்க.

சரி, எந்தப் பள்ளி? இரண்டுக்கும் ஒரே மின்னஞ்சலை அனுப்புங்கள். ஒரு படகில் எத்தனை மாணவர்? ராத்திரியில் எத்தனை மணி நேரம் ஓடுவோம், அதில் ஸ்கிப்பராக என் முறை எத்தனை தடவை வரும்? ஐந்து பேர் ஏறினால், ஒருவர் சிவப்பு விளக்கில் வரைபடம் பார்த்து வழி சொல்ல, மற்றவர்கள் கயிறு பிடித்துக்கொண்டு வெளிச்சவீட்டு மினுக்கலை எண்ணிக்கொண்டிருப்பார்கள். அது வேடிக்கை பார்ப்பதுதான், படிப்பு இல்லை. மூன்று பேர் உள்ள படகுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் நட்டமில்லை. ஆள் விழுந்தால் எடுக்கும் பயிற்சியையும் கேளுங்கள். ஆளுக்குப் பதிலாக, ஃபென்டரில் (படகு உரசாமல் பக்கத்தில் தொங்கவிடும் காற்றுப் பந்து) வாளியைக் கட்டி எறிந்துவிட்டு, எஞ்சின் போடாமல் பாயிலேயே திரும்பி வந்து எடுக்க வைப்பார்களா, அதுவும் இருட்டிலா?

பதிலில் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் லாக் புத்தகத்தைப் பற்றி, எத்தனை மைல் ஓடினீர்கள் என்று திருப்பிக் கேட்கிறார்களா? பயிற்சிக்கு முன்பே 300 மைலும் 8 இரவு மணி நேரமும் எதிர்பார்க்கப்படுகிறது. அதைக் கேட்காமல் வங்கிக் கணக்கு இலக்கத்தை மட்டும் அனுப்புகிற பள்ளியை விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும். இரண்டும் ஒழுங்காகப் பதில் சொன்னால் நான் இங்கிலாந்துப் பக்கம் சாய்வேன். அந்தக் குளிரும் நீரோட்டமும் உங்களை நன்றாக வேலை வாங்கும்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் அண்ணா ஏஎஸ்ஏ (அமெரிக்கப் பாய்ப்படகுச் சங்கம்) நடத்தும் 106-ஆம் பயிற்சியைப் படிக்கச் சொல்கிறார். அதுவும் கோஸ்டல் ஸ்கிப்பர் மாதிரிதானா?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: கிட்டத்தட்ட. நேரே 106-இல் சேர முடியாது தங்கச்சி. 101, 103, 104, அப்புறம் கடல்வழிக் கணக்குக்கான 105, இத்தனையும் வேண்டும். முடித்துவிட்டு ஊருக்கு வந்தால் ஒன்றை மறக்காதீங்க: அங்கே துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை வலப்பக்கம், இங்கே இடப்பக்கம்.