பிரேசில் உழைப்பாளிகளின் பாட்டு: எங்கிருந்து தொடங்கலாம்?

பிரேசிலின் வெகுஜன இசையில் உழைக்கும் மக்களின் கஷ்டத்தையும் அதைத் தாங்கும் தெம்பையும் சொல்லும் பாடல்கள் எவை, எதை முதலில் கேட்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால் அடோனிரான் பார்போசாவைத்தான் முதலில் கேட்கச் சொல்வேன். பிழைப்புக்காக இத்தாலியிலிருந்து வந்த குடும்பத்தில் 1910இல் பிறந்தவர். சாப்பாட்டுக் கேரியர் தூக்கினார், பெயின்ட் அடித்தார், குழாய் வேலை பார்த்தார். வானொலியும் பாட்டும் அப்புறம்தான்.

அவருடைய 'சவுடோசா மலோகா' 1951இல் பதிவானது. சாவோ பாவுலோ நகரம் பழைய வீடுகளை இடித்து அடுக்குமாடிகளாக எழும்பிக்கொண்டிருந்த நேரம். கைவிடப்பட்ட ஒரு பழைய மாளிகையில் மூன்று பேர் ஒண்டிக்கொண்டு வாழ்கிறார்கள். ஒருநாள் கடப்பாரையோடு ஆட்கள் வருகிறார்கள். உரிமையாளர் இடிக்கச் சொல்லிவிட்டார். தட்டுமுட்டுச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்று, பலகை பலகையாகத் தங்கள் வீடு விழுவதைப் பார்க்கிறார்கள். ஒருவன் கத்தப் போகிறான். கதை சொல்பவன், அவர்கள் பக்கம்தான் நியாயம், நாம் வேறு இடம் பார்ப்போம் என்று அடக்குகிறான். மூன்றாமவன் ஜோக்கா, போர்வைக்குத் தக்கபடிதான் கடவுள் குளிரைக் கொடுப்பார் என்கிறான். அதற்குப் பிறகுதான் மூவரும் சமாதானமாகிறார்கள். இப்போது படுக்கை பூங்காப் புல்தரையில்.

பாட்டில் கோஷம் கிடையாது. மெட்டோ ஆடவைக்கும் சம்பா, பிரேசிலின் தாள இசை. இடித்தவன் பக்கம் நியாயம் என்று வீடு இழந்தவனே சொல்லும்போது கேட்கிற நமக்குத்தான் கோபம் வருகிறது. மொழியும் பள்ளிக்கூட போர்ச்சுகீசியம் இல்லை, இலக்கணம் பார்க்காத தெருப் பேச்சு. 1973இல் இதே பேச்சுக்காக ராணுவ ஆட்சியின் தணிக்கை அவருடைய வேறொரு பாட்டை நிறுத்தியது. அதில் அரசியலே இல்லை, அதுதான் வேடிக்கை!

1964இல் டெமோனியோஸ் ட கரோவா குழு பதிவுசெய்த 'டிரெம் டாஸ் ஒன்ஸி'யும் அவர் எழுதியதுதான். காதலியோடு இன்னும் ஒரு நிமிஷம்கூட இருக்க முடியாது, பதினோரு மணி ரயிலை விட்டால் விடிந்தால்தான் அடுத்தது. வீடு ஜசனாவில், ஊருக்கு வெளியே. அவன் வரும்வரை அம்மா தூங்க மாட்டாள். காதல் பாட்டுக்குள் புறநகர்த் தொழிலாளியின் மொத்த வாழ்க்கையும் வந்துவிடுகிறது.

ரியோ பக்கம் போனால் கார்டோலா. மங்கேய்ரா என்ற சம்பா பள்ளியை, அதாவது கார்னிவல் திருவிழாவில் ஆடிப்பாடும் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். கொத்தனார் வேலையில் தலையில் சிமென்ட் விழாமலிருக்கத் தொப்பி போட்டதால் வந்த பட்டப்பெயர் அது. பெரிய பாடகர்கள் அவர் பாட்டைப் பாடினார்கள். அவரோ 1950களில் கார் கழுவிக்கொண்டிருந்தார், ஒரு பத்திரிகையாளர் கண்ணில் படும்வரை. முதல் தனி ஆல்பம் 1974இல், 65 வயதில். ஆனால் கூலி வேலையைப் பற்றிய பாட்டுகளை எதிர்பார்க்காதீர்கள். ரோஜாக்கள், பிரிவு, விடியல் என்று பாடுவார். உழைப்பாளி என்றால் உழைப்பைப் பற்றி மட்டுமே பாட வேண்டும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம்.

பாடகர் சிக்கோ புவார்க்கியின் 'கொன்ஸ்ட்ருசாவ்ன்' (1971) எல்லாப் பட்டியலிலும் முதலில் வரும். கட்டடத் தொழிலாளி மனைவியை முத்தமிட்டுவிட்டுச் சாரம் ஏறுகிறான், விழுந்து சாகிறான். அதே வரிகள் கடைசிச் சொல் மட்டும் மாறித் திரும்பத் திரும்ப வரும். அவன் பிணம் முதலில் போக்குவரத்துக்கு இடைஞ்சல், அப்புறம் பொதுமக்களுக்கு, கடைசியில் சனிக்கிழமைக்கே இடைஞ்சல். அபாரமான வேலைப்பாடு, மறுக்கவில்லை. ஆனாலும் அது படித்த வீட்டுப் பிள்ளை சாரத்தைக் கீழிருந்து அண்ணாந்து பார்த்து எழுதியது. அதனால் அதை மூன்றாவதாகக் கேளுங்கள். அடோனிரானை மட்டும் அவருடைய கரகரத்த குரலில் ஒருமுறை, டெமோனியோஸ் பாடி ஒருமுறை என இரண்டு விதமாகவும் கேட்டுப் பாருங்கள்.