கேட்டவர்களுக்கு: ஹகாட்டாவில் ஒரு கிண்ணம் ராமென்

ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்தில் ஆறு வருடம் மென்பொருள் வேலை பார்த்தேன் என்று முன்பு எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ராமென் கடை பற்றியவை. ராமென் என்பது சூடான சூப்பில் நூடுல்ஸ் போட்டுத் தரும் சாப்பாடு. தலைப்பில் உள்ள ஹகாட்டா ஃபுகுவோகாவின் ஒரு பகுதி. அவற்றுக்கான பதில்கள் இந்த முறை.

கோவை வாசகர்: அலுவலக வேலையாக ஒரு வாரம் ஃபுகுவோகா போகிறேன். கம்பெனி தரும் படிக்காசு குறைவு. ராமென் கடை கட்டுப்படியாகுமா? ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தைகூடத் தெரியாமல் எப்படி வாங்குவது?

தாராளமாகக் கட்டுப்படியாகும். சாதாரணத் தெருக்கடைகளில் ஒரு கிண்ணம் 500 யென்னிலிருந்து 900 யென்னுக்குள் கிடைக்கும். நம் காசுக்குச் சுமார் 300 முதல் 500 ரூபாய். அந்த ஊரில் சூடான முழுச் சாப்பாடு ஒன்றுக்கு இது குறைந்த விலை. தண்ணீர் இலவசம். டிப்ஸ் என்ற பழக்கமே கிடையாது. மேஜையில் காசை வைத்துவிட்டு வந்தால் மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடி வந்து தருவார்கள்.

மொழி பற்றிக் கவலை வேண்டாம். வாசலில் துணித்திரை தொங்கினால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். பல கடைகளில் வாசலை ஒட்டியே சீட்டு எந்திரம் நிற்கும். முதலில் பணத்தைப் போட வேண்டும், பிறகுதான் பொத்தான். எதை அழுத்துவது என்று தெரியாவிட்டால் இடப்பக்கம் மேல் மூலையில் இருப்பதை அழுத்துங்கள். பெரும்பாலும் அதுதான் அந்தக் கடையின் அடிப்படை ராமென். 1,000 யென் தாள்களாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பழைய எந்திரங்கள் பெரிய தாளை வாங்காது. 2024 ஜூலையில் புது நோட்டுகள் வந்தன. அவற்றையும் ஏற்காத எந்திரங்கள் சின்னக் கடைகளில் உண்டு. அப்படியானால் கடைக்காரரிடம் நோட்டைக் காட்டுங்கள், மாற்றித் தருவார்.

சீட்டைக் கொடுத்ததும் ஒரே ஒரு கேள்வி வரும். நூடுல்ஸ் வேக்காடு எப்படி வேண்டும் என்பதுதான் அது. இதற்கு மட்டும் நான்கு சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். யவா என்றால் குழைவு. ஃபுட்ஸு என்றால் சாதாரணம். கதா என்றால் சற்று முன்னாலேயே எடுத்தது. பரிகதா என்றால் நடுவில் நறுக்கென்று கடிபடும். முதல் தடவைக்குக் கதா சொல்லுங்கள்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு என்று நானும் நினைத்தேன். ஹகாட்டா நூடுல்ஸ் சேமியாவைவிடக் கொஞ்சம்தான் பருமன். மாவில் தண்ணீரும் குறைவு. அதனால் கொதிநீரில் போட்டால் ஒரு நிமிடத்துக்குள் வெந்துவிடும். ஆனால் கிண்ணத்துக்கு வந்த பிறகும் சூப்பைக் குடித்துக் குடித்து ஊறிக்கொண்டே போகும். நிறையப் போட்டுக் கொடுத்தால் கடைசிப் பாதி கூழாகிவிடும். ஆகவே கொஞ்சமாகத்தான் போடுகிறார்கள். பசி அடங்கவில்லையென்றால் சூப்பைக் காலி செய்யாமல் மிச்சம் வைத்து, "கயெதாமா" என்று சொல்லுங்கள். புதிதாக வெந்த ஒரு பிடி நூடுல்ஸ் உங்கள் கிண்ணத்திலேயே வந்து விழும். 100, 150 யென் ஆகும். நம் ஊரில் பரோட்டாவுக்குச் சால்னாவை மறுபடி கேட்போமே, இங்கே அது தலைகீழ். குழம்பு அப்படியே இருக்கும், உள்ளே போடுவதைத்தான் மறுபடி வாங்க வேண்டும்.

இந்த வழக்கம் நாகஹாமா என்ற பகுதியில் பிறந்தது. அங்கே மீன் மொத்தச் சந்தை இருக்கிறது. ஏலத்துக்கு நடுவே ஓடி வந்து சாப்பிட்டுவிட்டு ஓடுகிறவர்களுக்குச் சீக்கிரம் வேகிற நூடுல்ஸ் தேவைப்பட்டது. அவர்களுடைய அவசரம்தான் இன்றைக்கும் அந்தக் கிண்ணத்தின் அளவை முடிவு செய்கிறது.

மதுரை வாசகி: மகளுக்கு அங்கே வேலை கிடைத்திருக்கிறது. ஆண்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் கடைக்கு ஒரு பெண் தனியாகப் போய்ச் சாப்பிடலாமா?

போகலாம் அம்மா. நானே அப்படித்தான் போனேன், வெள்ளிக்கிழமை தோறும்.

முதல் மூன்று மாதம் நான் உள்ளே நுழையவில்லை, அது உண்மை. தெருவுக்கே வீசும் அந்தப் பன்றியெலும்பு வாடை ஒரு காரணம். கண்ணாடிக் கதவு வழியாகத் தெரிந்த கோட்டு போட்ட முதுகுகள் இன்னொரு காரணம். ஒரு நாள் ரயில் நிலையத்திலிருந்து வரும்போது நல்ல மழை. ஒதுங்க இடமில்லாமல் திரையை விலக்கி உள்ளே போனேன். எட்டே எட்டு நாற்காலிகள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் கிண்ணத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர் தன் பையை எடுத்துக் காலடியில் வைத்து எனக்கு இடம் விட்டார், அவ்வளவுதான். பெண் தனியாக ஹோட்டலில் சாப்பிட்டால் என்ன பார்வைகள் வரும் என்று எனக்குப் பழக்கமிருந்தது. அந்தப் பார்வை ஒன்றுகூட இல்லாத இடத்தில் உட்கார்ந்தபோது தோள் தானாகத் தளர்ந்தது. உங்கள் மகளுக்கும் அந்த நிம்மதி கிடைக்க வேண்டும்.

அன்று கிண்ணம் வந்ததும் அம்மாவுக்கு அனுப்பப் படம் எடுத்தேன், பிறகு செய்தி தட்டினேன். அடுப்புக்குப் பின்னால் நின்ற வயதான அம்மாள் மெதுவாக, "நோபிமாஸு யோ" என்றார். நேர்ப்பொருள், "நீண்டுவிடும்". நூடுல்ஸ் ஊறிப்போகும், முதலில் சாப்பிடு என்று அர்த்தம். கோபமாகச் சொல்லவில்லை. ஆறிவிட்டால் பிள்ளை சரியாகச் சாப்பிட மாட்டானே என்று அம்மாக்கள் தட்டை முன்னால் நகர்த்தி வைப்பார்களே, அந்தக் குரல். கைப்பேசியைப் பைக்குள் போட்டேன். இரண்டு மாதம் கழித்து, நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே "கதா?" என்று கேட்டார்.

மகளிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். சாப்பிட்டு முடித்தபின் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. வெளியே வரிசை நிற்கும், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். எழுந்திருக்கும்போது கிண்ணத்தை எதிரே மேசைக்கு மேலிருக்கும் பலகையில் தூக்கி வைத்துவிட்டு "கொச்சிஸோசாமா தெஷிதா" (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அடுப்படியில் எவ்வளவு வேலையிருந்தாலும் பதில் வரும்.

திருநெல்வேலி வாசகர்: அந்தச் சூப் பால் போல வெள்ளையாக இருக்கிறதே, பால் ஊற்றுகிறார்களா?

ஒரு சொட்டுப் பால் கிடையாது. முழுக்கப் பன்றி எலும்பு. டோன்கோட்சு என்ற பெயருக்கே பன்றியெலும்பு என்றுதான் பொருள். காலெலும்பு, தலையெலும்பு எல்லாவற்றையும் உடைத்துப் போட்டுப் பல மணி நேரம் கொதிக்க விடுகிறார்கள். தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் சூட்சுமம். சிறு தீயில் வைத்தால் சூப் தெளிந்து, கொழுப்பு மேலே தனியாக மிதக்கும். பெருங்கொதியில் கொழுப்பு பொடிப்பொடித் துளிகளாக உடைகிறது. எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் இறங்கும் பசை அந்தத் துளிகளை மறுபடி ஒன்று சேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் வெண்மை.

இதன் பிறந்த ஊர் ஃபுகுவோகாவுக்குத் தெற்கே உள்ள குருமே. 1937இல் அங்கே ஒரு தள்ளுவண்டிக் கடையில் பன்றியெலும்பு ராமென் தொடங்கியது. அப்போது சூப் இவ்வளவு வெளுப்பில்லை. 1947இல் அதே ஊரில் வேறொரு கடைக்காரர் அடுப்பில் வைத்த பானையை விட்டுவிட்டு வெளியே போனபோது கொதி மிஞ்சி வெள்ளையாகிவிட்டது, ருசி பார்த்தால் நன்றாக இருந்தது என்று குருமேக்காரர்கள் சொல்வார்கள். அந்த ஊரில் சில கடைகள் பானையை ஒருபோதும் முழுதாகக் காலி செய்வதில்லை. பழைய சூப்பு மீதமிருக்கும்போதே புது எலும்பும் தண்ணீரும் சேர்த்துக்கொண்டே போவார்கள். உறைமோர் தீராமல் பார்த்துக்கொள்ளும் வீடுகளை எனக்கு அது நினைவூட்டியது. 600, 700 யென்னுக்கு விற்கிற ஒரு பொருளுக்கு இத்தனை மணி நேர அடுப்பு எரிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனிகிறது.

கும்பகோணம் வாசகி: நாங்கள் சுத்த சைவம். இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுச் சாப்பிடலாமா?

வேண்டாம். துண்டை எடுத்துவிட்டால் போகிற விஷயமில்லை, சூப்பே எலும்புதான். "சோயா ராமென்", "மிசோ ராமென்" என்று பெயர் பார்த்தும் ஏமாறாதீர்கள். அவை சுவைக்குச் சேர்க்கும் பொருளின் பெயர்கள். அடியில் கோழியெலும்போ காய்ந்த மீனோ இருக்கும். டோக்கியோ ரயில் நிலையத்துக்குள்ளேயே 'டீஸ் டான்டான்' என்ற முழுச் சைவ ராமென் கடை இருக்கிறது. எள்ளு அரைத்து ஊற்றிய சூப். அந்த வழியாகப் போனால் நிம்மதியாக உட்காருங்கள். ஹலால் பார்க்கும் வாசகர்களுக்கும் இதே எச்சரிக்கைதான். பெரிய ஊர்களில் ஹலால் சான்று பெற்ற கோழி ராமென் கடைகள் உண்டு, சான்றை வாசலிலேயே ஒட்டியிருப்பார்கள்.

சேலம் வாசகர்: எனக்கு ரத்த அழுத்தம். சூப்பை மிச்சம் வைத்தால் அவமரியாதையா?

இல்லவே இல்லை. ஜப்பானியர்களே பலர் மிச்சம் வைக்கிறார்கள். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு கிண்ணம் ராமெனே அதைத் தாண்டிவிடும், அதில் பெரும்பகுதி சூப்பில்தான். நூடுல்ஸைச் சாப்பிட்டு, நாலைந்து கரண்டி சூப்போடு நிறுத்துங்கள். மேஜையில் இருக்கும் கார கடுகுக்கீரை ஊறுகாயிலும் உப்பு ஏராளம். சிவப்பு இஞ்சி ஊறுகாயும் அப்படியே. எள்ளை மட்டும் அரைத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

கோவை வாசகரே மறுபடியும்: ஒரே ஒரு கடை சொல்லுங்கள் என்றால்?

நாகஹாமாவில் 'கன்ஸோ நாகஹாமாயா'. விடிகாலையிலேயே திறந்துவிடுவார்கள். ராமென் ஒன்றுதான் விற்பனை, ஆகவே எதைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பமில்லை. வெளியே சீட்டு வாங்கி, உள்ளே நுழையும்போதே வேக்காட்டைச் சொல்லிவிடுங்கள். பொது மேஜை, யாரும் யாரோடும் உட்காரலாம். இறைச்சி தடித்த வில்லையாக வராது, பொடியாக நறுக்கி உப்புத் தூக்கலாக இருக்கும். சூப்பும் ஆற்றோரத்து வண்டிக்கடைகளில் சுற்றுலாப் பயணிகளுக்குக் கிடைப்பதைவிட நீர்த்ததுதான். எனக்கு அந்த இலேசு பிடிக்கும், காலையில் வயிறு கனக்காது. அலுவலகம் தொடங்குவதற்கு முன் போய்விட்டு வாருங்கள்.