துபாய் ஊசியும் நெஞ்சில் வைத்த ஸ்டென்ட்டும்

கேள்வி: வயது 54, ஊர் கருங்கல். உயரம் 155 செ.மீ., எடை 78 கிலோ. பத்து வருடமாகச் சுகர். மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். போன வருடம் ஸ்டென்ட் வைத்தார்கள். எடை குறைய வாரம் ஒரு ஊசி போதும், மற்ற மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்று துபாயில் இருக்கும் மகன் சொல்கிறான். வரும்போது செமாகுளுட்டைட் என்ற அந்த ஊசியை வாங்கி வருகிறானாம். போட்டுக்கொள்ளலாமா?

பதில்: உங்களைப் போன்றவர்களுக்குப் பலன் தரக்கூடிய மருந்துதான் அது. ஆனால் மாத்திரையை நிறுத்தும் பேச்சை இன்றே விட்டுவிடுங்கள். ஸ்டென்ட்டில் ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுத்த மாத்திரையின் வேலையையோ, கொழுப்பு மாத்திரையின் வேலையையோ இந்த ஊசி செய்யாது.

மகன் படித்தது அநேகமாக 2023-இல் வெளியான 'செலக்ட்' ஆய்வாக இருக்கும். 17,604 பேரிடம் நடந்தது. மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் மூன்றும் சேர்ந்து 20 சதவீதம் குறைந்தன. ஆனால் அதில் சர்க்கரை நோயாளிகளைச் சேர்க்கவே இல்லை. உங்களுக்குப் பொருந்துவது 2016-இல் வந்த 'சஸ்டெய்ன்-6'. சுமார் 3,300 சர்க்கரை நோயாளிகளிடம் அதே மூன்றும் 26 சதவீதம் குறைந்தன.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. ஊசி போட்டவர்களில் விழித்திரைப் பாதிப்பு சற்று அதிகம். ஏற்கெனவே பழுதான விழித்திரை, சுகர் மளமளவென்று இறங்கும்போது மோசமாகலாம். பத்து வருடச் சுகர் என்கிறீர்கள்; கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்த பிறகுதான் முதல் ஊசி.

அடுத்து கிளிமிபிரைடு. சாப்பாடு பாதியாகி, மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருந்தால் வியர்த்து, கை நடுங்கி, தாழ் சுகரில் விழுவீர்கள். ஊசி தொடங்கும்போதே அதன் அளவைக் குறைக்க வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்ய வேண்டும். குமட்டலும் மலச்சிக்கலும் பலருக்கு வரும். குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றினால் பெரும்பாலும் அடங்கும். முன்பு கணைய அழற்சி வந்திருந்தாலோ, குடும்பத்தில் மெடுல்லரி தைராய்டு புற்றுநோய் இருந்தாலோ மறைக்காமல் சொல்லுங்கள்.

தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருக்கவும் வேண்டாம். எத்தனை கிலோ இறங்கியது என்பதை மட்டும் வைத்து இதயப் பலன் அமைவதில்லை என்று செலக்ட் தரவுகளே காட்டின. கொழுப்போடு தசையும் கரைவதுதான் எனக்குக் கவலை. பசி குறைந்ததும் நம் வீடுகளில் முதலில் ஒதுக்கப்படுவது மீன் துண்டு. ரெண்டு கரண்டி சோறும் குழம்பும் போதும் என்று எழுந்துவிடுவோம். தலைகீழாக மாற்றுங்கள். குழம்பில் கிடக்கும் நாலு சாளையை முதலில் தின்றுவிட்டு, அப்புறம் இடமிருந்தால் மரச்சீனிக்கிழங்கு. தசைக்கு வேலை தரும் பயிற்சியும் வேண்டும். எவ்வளவு செய்யலாம் என்று இதய டாக்டரைக் கேளுங்கள்.

செலவையும் யோசியுங்கள். நிறுத்தினால் எடை திரும்பும். சுகர் இல்லாதவர்களிடம் நடந்த ஆய்வொன்றில், நிறுத்திய ஒரே வருடத்தில் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறிவிட்டது. நீண்ட நாள் வாங்க முடியாது என்றால், டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை ஒத்துவருமா என்று கேளுங்கள். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது, காப்புரிமை முடிந்ததால் மலிவு. எடை மட்டும் அவ்வளவாகக் குறையாது. உங்கள் பட்டியலில் இது இல்லாதது எனக்கு ஆச்சரியம்தான்.

துபாயிலிருந்து சுமக்கவும் தேவையில்லை. செமாகுளுட்டைட் 2025 ஜூனில் இந்தியாவுக்கு ஊசியாகவே வந்துவிட்டது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலோ, ஸ்டென்ட் வைத்த டாக்டரிடமோ காட்டி, சீட்டு எழுதி வாங்குங்கள். இந்த மருந்து பேனா வடிவ ஊசியில் வரும்; திறக்காத பேனாவை 2 முதல் 8 டிகிரியில், ஃப்ரிட்ஜின் நடுத்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரை ஒட்டி வைத்து உறைந்துபோனால், உருகிய பிறகும் அதைப் போடக் கூடாது.