வாசகர் கேள்வி: மீந்த சோறு ஏன் குறைவதில்லை?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். நாள்தோறும் இரவில் சோறும் குழம்பும் மீந்து குப்பைக்குப் போகின்றன. குறைத்து உலை வைத்தால், "யாராவது வந்துவிட்டால் என்ன செய்வாய்?" என்கிறார் மாமியார். மகன்களோ மாலையில் தட்டுவடை செட் தின்றுவிட்டு வந்து சோற்றைத் தொடுவதில்லை. வீணாக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு எதுதான் மனிதர்களை மாற்றும்?
— ஒரு வாசகி, அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: இது உங்கள் வீட்டுக் குறை மட்டுமன்று. 2022ஆம் ஆண்டில் உலகெங்கும் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலும் வீணான ஏறத்தாழ 105 கோடி டன் உணவில், சுமார் 60 விழுக்காடு வீடுகளிலிருந்தே வந்தது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கை கணக்கிட்டுள்ளது.

உங்கள் மாமியாரின் அச்சத்தை நான் குறையாகக் கருதவில்லை. வந்தவர் பசியோடு திரும்பக் கூடாது என்ற அன்புதான் உலையில் கூடுதலாக ஓர் ஆழாக்கு அரிசியைப் போட வைக்கிறது. அந்த அன்பைக் கண்டித்து எவரையும் மாற்ற முடியாது. எதிர்பாராமல் வருபவருக்குப் பத்தே நிமிடத்தில் உப்புமா கிண்டித் தர ரவையும் சேமியாவும் எப்போதும் இருக்கின்றன என்ற உறுதியை அவருக்குக் கொடுத்தால், அளவு தானாகக் குறையும்.

அடுத்தது காசு. சுற்றுச்சூழலைப் பற்றிய கவலையைவிடக் கைப்பணம் போகிறது என்ற எண்ணமே பலரை அசைக்கிறது. ஆனால் போவது கண்ணில் பட வேண்டும். ஒரு வாரம், கொட்டுவதற்கு முன் எதை, எவ்வளவு, எதனால் கொட்டுகிறோம் என்று நாட்காட்டித் தாளின் பின்புறம் எழுதி வாருங்கள். மலிவு என்று சூரமங்கலம் உழவர் சந்தையில் வாங்கிய இரண்டாவது கீரைக்கட்டும், ஒரே நாளில் மொத்தமாகப் பழுத்துவிட்ட மாம்பழமும் அதில் நிச்சயம் இடம்பெறும். பழத்தோடு செங்காயும் கலந்து வாங்குவது நல்லது.

கெட்டுவிடுமோ என்ற பயமும் கொட்ட வைக்கிறது. அதில் நியாயம் உண்டு: வெளியிலேயே கிடந்த சோற்றில் சில கிருமிகள் உண்டாக்கும் நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. சூடு தணிந்ததும், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், குளிர்பதனப் பெட்டியில் கண்ணுக்கு நேரே தெரியும் அடுக்கில் வைத்துவிட்டால் மறுநாள் காலை எலுமிச்சைச் சாதமாகிவிடும்.

மகன்களைத் தட்டுவடையிலிருந்து தடுக்க வேண்டாம். அரிசி களைவதற்கு முன், இரவு யார் சாப்பிடுவார்கள் என்று போனில் கேட்டுவிடுங்கள். சமைத்த பிறகு திட்டங்கள் மாறுவதாலும் பல வீடுகளில் சோறு மீந்துவிடுகிறது.